முன் சீட்டில் ஓர் எழுத்தாளர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். தொண்ணூற்றேழில் அமெரிக்காவில், பார்சிப்பனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது, ஓர் எழுத்தாளரைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தேன். வேலை வெட்டி இல்லாமல் தன் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். கார் ஓட்டத் தெரியாது. அக்காவும் விவாகரத்தான மனைவியும் அதிகாரம் செய்தே தன்னை எழுதவிடவில்லை என்பார். அதை நம்பி, போகிற இடமெல்லாம் நானே காரில் கூட்டிப்போனேன்.

நண்பர் வீட்டுப் பொங்கல் விருந்தில் நான் சமைத்துக் கொண்டுபோன பாத்திரத்தை எடுக்கச் சமையலறைப் பக்கம் போனேன். ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்ணிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப கட்டிக்கப்போறவளும் லைசென்ஸ் எடு, வேலைக்கு அப்ளை பண்ணுன்னு உயிரை எடுக்கறா. எனக்கு வாய்க்கறதெல்லாம் ராட்சசிங்கதான்."

"பாவம் சார் நீங்க," என்றாள் அவள். நானும் ஒருகாலத்தில் அதையேதான் சொன்னேன்.

பாத்திரத்தை எடுக்காமலே காருக்குப் போனேன். பின்னாலேயே வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, "ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டும்மா," என்றார்.

"இறங்குங்க. இந்தக் கல்யாணம் வேண்டாம்."

இறங்கியவர், வாசலில் நின்ற அந்தப் பெண்ணிடம், "நான் சொன்னேன்ல?" என்றார். அவள் என்னைப் பயத்தோடு பார்த்தாள்.

அவர்மீது வந்த அருவருப்பு சீக்கிரமே போய்விட்டது. ஒரு வார்த்தைகூடப் பேசிப் பார்க்காமல் அவர் அக்காவையும் பழைய மனைவியையும் நான் வெறுத்திருந்தேனே, என்மீது வந்த அந்த அருவருப்புதான் இன்னும் போகவில்லை.