கிளம்பும்போது கேட்ட குரல்

வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. "எங்க போறே?" என்று கேட்கவே கூடாது. கேட்டுவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். ஸ்ரீரங்கத்தில் இதை என்னளவுக்குக் கடைப்பிடித்தவர்கள் இருக்க மாட்டார்கள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். அது தெரிந்தவர் எங்களோடு இருக்கும் என் கணவரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன்.

ஒன்பதாவதோடு நின்றவள், இந்த வயதில் பத்தாவது தனித்தேர்வு எழுத ஆசைப்பட்டேன். உறையூரில் டியூஷன். செருப்பை மாட்டியதும் உள்ளிருந்து அண்ணியின் குரல் வரும்.

"ஏம்மா, எங்க கிளம்பிட்டே?"

திரும்புவேன், உட்காருவேன், குடிப்பேன். பஸ் போயிருக்கும்.

ஒருநாள், தடுப்பதைச் சொல்லும் ஆங்கில வினைச்சொற்கள் பாடம். சொல்லித்தந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான். சொல்லின் வேரையும் சேர்த்தே சொல்வாள். ஹிண்டர் என்பதன் வேர் 'பின்னால்'. த்வார்ட், குறுக்கே. இம்பீட், லத்தீனில் காலுக்குத் தளை போடுவது. ப்ரிவென்ட் என்றால் முன்னொரு காலத்தில் வெறுமனே 'முன்னால் வருவது'தானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா?"

"பின்னால கூப்பிடுறது, பூனை குறுக்க போறது, நிலைவாசல் கால்ல இடிக்கிறது, விறகுக்கட்டு எதுக்க வர்றது... எங்க வீட்டுச் சகுனம் பூரா இதுல இருக்கு மிஸ்."

"இருக்கட்டும்க்கா. ஆனா வெள்ளைக்காரன் தண்ணி குடிக்கத் திரும்பி வந்தான்னு டிக்‌ஷனரில போடலையே!"

வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பின், குறுக்கு, கால், முன். எல்லாத் திசையிலும் தடைக்கு ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியும் ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஆங்கிலத் தேர்வு அன்று. மையம் திருச்சி டவுனில். இருக்கிற ஒரு பஸ்ஸை விட்டால், நான் போவதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பட்ட பாடெல்லாம் வீண். செருப்பை மாட்டினேன்.

"ஏம்மா, எங்க கிளம்பிட்டே?"

கால் தானாக நின்றது. ஆனால் திரும்பவில்லை.

"பரீட்சைக்குப் போறேன் அண்ணி! இங்கிலீஷ் பரீட்சை!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஐயையோ, நான் வேற கேட்டுத் தொலைச்சுட்டேன். வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போ!"

"பாட்டில்ல இருக்கு. நீங்க உட்காருங்க."

பஸ் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் ஏறும்போது கை பையிலிருந்த பாட்டிலைத் தேடிப் போனது. பழக்கம். எடுத்த பாட்டிலின் மூடியை இன்னும் இறுக்கித் திரும்பப் பையில் வைத்தேன். தாகம் எடுக்கும்போது குடித்துக்கொள்கிறேன்.