சைக்கிள் டியூபில் பறந்த கருடன்

ரோசம்மா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். மம்பாவிலிருந்து அவள் மகள் ஸ்டெல்லா தொலைபேசியில் கூப்பிட்டாள். "சின்னம்மா, அம்மா போயிட்டாங்க லா. தேத்தண்ணி கேட்டாங்க, கலக்கிக் கொண்டு வர்றதுக்குள்ள..." என்றாள். நான் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். பிறகு முருங்கைக்கீரையை ஆய்ந்தேன். கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

நல்ல வயதுதான். கல்யாணச் சாவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கென்னவோ அவள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள் என்றே படுகிறது.

அடக்கப் பூசையன்று மாதா கோயிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சாமியார் அவளை 'அமைதியான, அடக்கமான தாய்' என்றார். அவளை அறிந்த நீங்கள் பலர் அங்கே இருந்தீர்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுடைய தையல் மிஷினும் நெத்திலிச் சம்பாலும் கோபமும் உங்களுக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் அவள் விமானம் கட்டிப் பறக்கவிட்டவள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலாயாவில், கோலா பிலா சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். என் மாமனார் அங்கே பெரிய கங்காணி. ரோசம்மா துரை பங்களாவில் ஆயா. எங்கள் இருவருக்கும் ஒரே வயது, வாடி போடி என்றுதான் பேச்சு. துரையின் மகனைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்தப் பையனுக்கு விமானப் பைத்தியம். சீமையிலிருந்து பெட்டி பெட்டியாகப் பால்சா கட்டை வரும். தக்கையைப் போல் கனமே இல்லாத கட்டை. அதைக் குச்சி குச்சியாக வெட்டி, ஒட்டி, இறக்கையும் வாலும் உடம்புமாகக் கூடு கட்டி, மேலே மெல்லிய காகிதம் போர்த்துவான். மூக்கில் மரவிசிறி. விசிறியிலிருந்து வால்வரை உள்ளே ஒரு ரப்பர் கயிறு. விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றி ரப்பருக்கு முறுக்கேற்றி விட்டால், முறுக்கு அவிழும்வரை விமானம் பறக்கும். பையன் கட்டுவான், மரத்தில் மோதி உடைப்பான், அழுவான். உடைந்ததையெல்லாம் ஒட்டி எடுத்தவள் ரோசம்மாதான். "பசை காயுற வரைக்கும் கைய எடுக்கக் கூடாதுடி, அவ்வளவுதான் வித்தை" என்பாள்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை குடும்பம் ஒரே இரவில் கிளம்பிவிட்டது. மறுநாள் பங்களாவில் ஆளுக்கொரு சாமானாக அள்ளினார்கள். மெத்தை போயிற்று, சுவர்க் கடிகாரம் போயிற்று, குளிக்கும் தொட்டியைக்கூட நான்கு பேர் தூக்கிப் போனார்கள். அங்கேயே வேலை செய்த ரோசம்மா எடுத்து வந்தது ஒரு பெட்டி குச்சி. கூலியாட்களின் வரிசை வீடுகளான லயமே சிரித்தது. "எல்லாத்தையும் வுட்டுட்டு வெறகு பொறுக்கிட்டு வந்திருக்கியே" என்று அவள் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். பையன் பாதியில் விட்டுப்போன விமானத்தை அவள் கட்டி முடித்தாள். குச்சி போதாத இடத்தில் பூலாய் மரத்தின் வேரைச் சீவி வைத்தாள், அதுவும் கனமில்லாத கட்டைதான். பசைக்கு மரவள்ளி மாவு. மூன்று வேளையும் அதைத் தின்று அலுத்துப்போயிருந்த எங்களுக்கு, அதற்கும் ஒரு நல்ல உபயோகம் உண்டு என்று தெரிந்தது. முதல் தடவை அதைப் பந்துத் திடலில் பறக்கவிட்டபோது யாரோ "ப்ளேன்" என்று கத்த, ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகைப் பக்கம் நின்றிருந்த பெண்கள் அத்தனை பேரும் பதுங்குகுழியில் குதித்தார்கள். முழத்துக்குக் கொஞ்சம் அதிகமான நீளம் உள்ள காகித விமானம் அவர்கள் தலைக்குமேல் போய்ப் புல்லில் இறங்கியது. குழியிலிருந்து வெளியே வந்தவர்கள் ரோசம்மாவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அந்த ஓட்டத்தோடு பெட்டியில் இருந்த ரப்பர் அறுந்துபோயிற்று. அதற்கென்ன, நாம் இருப்பது ரப்பர் தோட்டம் என்று நினைத்தோம். ரப்பரைக் காயவைக்கும் புகைவீட்டில் வாங்க ஆளில்லாமல் ஷீட் ஷீட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் ஒரு ஷீட்டை எடுத்து, கத்தரியால் நாடா நாடாவாக வெட்டி, விமானத்துக்குள் கட்டி முறுக்கினோம். முறுக்கினால் முறுக்கியபடியே கிடந்தது. வெயிலில் இளகி, விரலில் ஒட்டி, இழுத்தால் இழுத்த நீளத்துக்கு நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தவர்கள் நாங்கள். பச்சை ரப்பர் வேறு, கந்தகம் போட்டு வேகவைத்து வரும் ரப்பர் வேறு என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. தோட்டம் முழுக்க ரப்பர், ஆனால் ஒரு விமானத்துக்கு ஆகிற ரப்பர் இல்லை. விமானம் அவள் வீட்டுப் பரணுக்குப் போயிற்று.

அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். கூட்டம் என்று திடலுக்குக் கூப்பிட்டு, அப்படியே லாரியில் ஏற்றினார்கள். முதலில் ஆள் வழியாக ஒரு சேதி வந்தது, பிறகு அதுவும் நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தலை வாருவதை நிறுத்தினேன். பொழுது விடிந்தால் செம்மண் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். என் மாமனார் போருக்கு முன்பே மாரியம்மன் கோயிலைப் புதுப்பிக்க ஆரம்பித்திருந்தார். உள்ளதைக் கொண்டு அதை முடித்துக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார். கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் கருடன் வந்து வானத்தில் வட்டமிட வேண்டும், அது வந்தால்தான் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் கோயில் பூசாரியான பண்டாரம் அதோடு நிற்காமல், "கருடன் மூணு வட்டம் போட்டா, சயாமுக்குப் போனவங்க திரும்பி வருவாங்க" என்றும் சொல்லி வைத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் மாலை ரோசம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கருடன் வரலேன்னா என்னடி பண்ணுவே?" என்று கேட்டாள்.

"வராம இருக்காது."

"குண்டு போடுற ப்ளேனுக்குப் பயந்து கொக்கே வர்றதில்ல. வரலேன்னா?"

"அப்ப அவரும் இல்ல. நானும் இல்ல" என்றேன். வேகத்தில் சொன்னதல்ல, உண்மையாகவே அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்து என் வீட்டுக்காரரின் சைக்கிள் டியூபைக் கேட்டாள். அந்தச் சைக்கிளை விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தோம். போருக்குச் சற்று முன் அவர் புது டியூப் வாங்கி மாட்டியிருந்தார். டயரும் டியூபும் கிடைக்காத காலம் அது. ஊரில் பலரும் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள். நான் அந்தச் சைக்கிளை நாள் தவறாமல் துடைத்து வந்தேன்.

"அவரு வந்தா எத ஓட்டுவாரு?" என்று சண்டைக்குப் போனேன்.

"வரட்டும். வந்து என்னைக் கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள்.

டியூபை நானே கழற்றிக் கொடுத்தேன். அவரையே வெட்டக் கொடுப்பதைப் போல் இருந்தது எனக்கு. அவள் கத்தரியை வைத்து, ஆப்பிள் தோல் சீவுவதைப் போல் டியூபைச் சுற்றிச் சுற்றி, இடையில் அறாமல் ஒரே நாடாவாக வெட்டினாள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கொஞ்சம் விளக்கெண்ணெய் வாங்கி அதில் தடவினாள். நாடா ஒன்றோடொன்று உரசி அறாமல் இருக்க அந்த எண்ணெய். பரணிலிருந்த விமானத்தை இறக்கி, கருடனைப் போல் இறக்கைக்குக் காவிக் காகிதமும் கழுத்தருகே வெள்ளைக் காகிதமும் ஒட்டினாள். வாலை ஒரு பக்கமாக வளைத்து வைத்தாள். அப்போதுதான் வட்டமடிக்கும் என்றாள்.

மாமனாரிடம் ஒளிக்காமல் போய்ச் சொன்னவளும் அவள்தான். அவர் விமானத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "நீ வேதக்காரப் பொண்ணு. அம்மன் கோயில்ல ஒனக்கு என்னம்மா வேலை?" என்றார்.

"எனக்கு ஒரு வேலையும் இல்லீங்க மாமா. கருடன் வந்துட்டா கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். வராட்டித்தான்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "சரி, பண்டாரத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று விமானத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கும்பாபிஷேகத்தன்று காலை பண்டாரம் மூங்கில் சாரத்தின் மேல் குடத்தோடு நின்றார். நாங்கள் எல்லோரும் கை கூப்பி வானத்தைப் பார்த்தோம். வானத்தைப் பார்த்தால் ஓடி ஒளிய வேண்டிய காலத்தில், அன்றைக்கு அத்தனை பேரும் ஓடாமல் நின்று பார்த்தோம். ஒரு காக்கைகூட வரவில்லை. வெயில் ஏறியது. பண்டாரத்தின் கை வலிப்பது கீழே இருந்தே தெரிந்தது. மாமனார் ரோசம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் விசிறியைச் சுற்றி முறுக்கேற்றிக் கையைவிட்டாள். விமானம் கூட்டத்தின் தலைக்குமேல் ஏறி, கோபுரத்தை ஒரு வட்டம் வந்தது, இரண்டாவது வட்டமும் வந்தது. "அம்மா தாயே" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது குச்சியும் காகிதமும் என்று அங்கே தெரியாதவர் யாருமில்லை. மூன்றாவது வட்டத்தில் சாரத்து மூங்கிலில் இடித்து, இறக்கை மடங்கி, என் காலருகே வந்து விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

ரோசம்மா என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு துண்டுப் பூலாய்க் குச்சியையும் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியையும் எடுத்தாள். ஒடிந்த இடத்தில் குச்சியை அண்டைகொடுத்து ஒட்டி, அழுத்திப் பிடித்தாள். கூட்டம் முழுவதும் சுற்றி நின்று பார்த்தது. மேலே பண்டாரம் குடத்தை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "கருடனுக்கு வைத்தியம் ஆச்சா?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு.

"இந்தா, இப்ப நீ வுடு" என்று என் கையில் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாதுடி."

"ஒடையாம பறந்த ப்ளேன நான் பாத்ததில்ல. ஒடைஞ்சா மறுபடியும் ஒட்டிக்கலாம். வுடு."

நான் முறுக்கேற்றினேன். விரலில் அந்த ரப்பர் இழுத்த இழுப்பு இப்போதும் நினைவிருக்கிறது. கையைவிட்டேன். அது கோபுரத்தைச் சுற்றி, விட்டுப்போன மூன்றாவது வட்டத்தை முடித்தது. முறுக்கு அவிழ்ந்து விசிறி நின்ற பிறகும் கீழே இறங்காமல், வெயில் காற்றில் ஏறி, ரப்பர் மரங்களுக்கு அப்பால் போய் மறைந்தது. தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. பண்டாரம் தண்ணீரை ஊற்றினார். பந்தியில் ரோசம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையில் கிழங்கை வைத்து, நான் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

சண்டை ஓய்ந்து சில மாதம் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். எலும்பும் தோலுமாக, தாடியோடு, எனக்கே அடையாளம் தெரியாமல் வந்தார். எழுந்து நடமாட முடிந்ததும் முதல் வேலையாக விறகுக் கட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "என் சைக்கிள் டியூப் எங்கே?" என்று கத்தினார். ரோசம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்து, "நான்தான் எடுத்தேன், என்னைக் கேளுங்க" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். அவர் திட்டத் திட்ட நாங்கள் இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு அவள் கல்யாணமாகி மம்பாவுக்குப் போனாள். நாங்களும் சிரம்பானுக்கு வந்தோம். அவர் என்னோடு நெடுங்காலம் வாழ்ந்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுத்தான் போனார். அவர் காரியம் முடிந்த பிறகு ஒருநாள் ரோசம்மாவின் வீட்டு வாசல் நடையான அஞ்சடியில் உட்கார்ந்திருந்தோம். அத்தனை வருடமும் கேட்காததை அன்று கேட்டேன். "நெசமாச் சொல்லு. அவரு வருவாருன்னு நீ அப்ப நம்புனியா?"

"இல்ல" என்றாள், யோசிக்காமல். "லயத்துல ஒருத்தருமே நம்பல. ஒங்க மாமனாரும் நம்பல."

"அப்ப எதுக்குடி அந்தக் கூத்தெல்லாம்?"

"அவரு இருக்காரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ செத்துக்கிட்டு இருந்தது தெரிஞ்சுது. தெனமும் பக்கத்து வீட்டுலேர்ந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன்." அதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து உள்ளே போனாள்.

அவளிடமிருந்து என்னோடு இருப்பது அந்தக் காலைப்பொழுதுதான். படமில்லை, பொருளில்லை, ஒரு குச்சிகூட இல்லை. அவர் சயாமிலிருந்து திரும்பி வந்தது மாரியம்மன் கருணை என்று இன்றும் நம்புகிறேன். அவர் வந்து நின்றபோது கதவைத் திறக்க நான் இருந்தேனே, அது ரோசம்மா.