ராணி உட்கார்ந்த கல்

அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் வரைக்கும் பைக்கில் இடுப்பு ஒடிய உட்கார்ந்து வந்தவளுக்கு வெறும் பாறையைக் காட்டினால் எப்படி இருக்கும்? ராஜா குடும்பம் வெயில் காலத்தில் வந்து தங்கிய அரண்மனை பக்கத்தில் இருக்கிறதாமே, அதையாவது காட்டுங்கள் என்றேன். இடிந்த சுவரைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டுக்காரர் இழுத்தார். வேண்டாம் என்று சொன்னால் செய்தே தீருவது என் பிறவிக்குணம். போனோம்.

சினிமாவில் வருகிற அரண்மனையை நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் ஊர் ரைஸ்மில் இதைவிடப் பெரிது. ஓட்டுக் கூரை, நாலு பக்கமும் தாழ்வாரம், உள்ளே வௌவால் நாற்றம். தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் வந்து கதவைத் திறந்துவிட்டாள். என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். அரண்மனையைவிட அவள் தோட்டம்தான் அழகு. வரிசையாக நாரத்தை மரங்கள், செங்கல் பாத்தி, தண்ணீர் இல்லாத நீரூற்றுத் தொட்டி. அதைத் தாண்டி ஒரு பெரிய சண்பக மரம். அதன் அடியில் ராணி உட்காரும் கல் என்று ஒன்றைக் காட்டினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றிலும் தாமரை இதழ், பக்கவாட்டில் துருத்திக்கொண்டு ஒரு கிளி. இதே கல் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதன்மேல்தான் துணி துவைக்கிறேன். கிளியின் முதுகில்தான் சோப்பு வைப்பேன். இந்தக் கிளி இடப்பக்கம் பார்க்கிறது, எங்கள் வீட்டுக் கிளி வலப்பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம். வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார்.

கல்லுக்கு எதிரே ஒரு பள்ளம் இருந்தது. இது ஜோடிக் கல் என்றாள் அந்தப் பெண். இவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒன்று காணாமல் போனதாம். அப்போது இவள் அப்பாதான் இங்கே வாட்ச்மேன். அரண்மனை மேனேஜர் அவரை இதே மரத்தில் கட்டிவைத்து இரண்டு நாள் அடித்தாராம். மூன்றாம் நாள், ஆமாம் நான்தான் எடுத்து விற்றேன் என்று கைநாட்டு வைத்துவிட்டாராம். அன்றிலிருந்து ஊரில் இவர்கள் வீட்டுக்குக் கல்லுத் திருடன் வீடு என்றே பெயர். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பிப் போனார்களாம். இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

வீட்டுக்காரரைத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மேனேஜரும் என் மாமனாரும் சிநேகிதர்களாம். மேனேஜரே ஆள் வைத்து எங்கள் டிராக்டரில் ஏற்றிவிட்டாராம். இவரும் அன்று டிராக்டரில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"ஒரு ஆளை அடிச்சாங்கன்னு எனக்குச் சத்தியமா தெரியாது. இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? பேசாம வா."

அவருக்குத் தெரியாது என்பதை நம்பினேன். ஆனால் பேசாமல் வா என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், இந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். நேரே அவளிடம் போனேன்.

"அந்தக் கல்லு எங்க வூட்ல இருக்குதும்மா. மேனேஜரே எங்க மாமனாருக்குத் தூக்கிக் குடுத்திருக்காரு. உங்கப்பா எடுக்கல."

துடைப்பத்தாலேயே அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். அப்பா வீட்டில்தான் இருக்கிறார், நீங்களே வந்து சொல்லுங்கள், நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார் என்றாள்.

தோட்டத்துக்குப் பின்பக்கமே வீடு. பெரியவர் வாசலில் சாக்கை விரித்துக் காராமணி உரித்துக்கொண்டிருந்தார். காது மந்தம். இரண்டு தடவை கத்திச் சொன்னேன். கல் எங்கள் வீட்டில் இருக்கிறது, கொடுத்தது மேனேஜர், நீங்கள் எடுக்கவில்லை. வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாங்க, நானும் பார்த்தேன் என்றார்.

பெரியவர் மகளையே பார்த்தார்.

"அப்ப அதை நான் எடுக்கலயாம்மா?" என்று அவளிடம் கேட்டார்.