முடிவு கேட்க ஓடியவர்கள்

ஓட்டப் போட்டி என்றால் எல்லோரும் ஓடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஐம்பதுகளில் ஒரு நோன்புப் பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை கல்முனையில் ஒரு போட்டி வைத்தார்கள். அதில் பாதித் தூரத்துக்கு மேல் ஒருவரும் ஓடவில்லை. எல்லோரும் நல்ல உடம்பும் சுகமும் உள்ள ஆட்கள்தான். காலில் முள் குத்தவில்லை, வயிறும் கெடவில்லை. ஒரு கதையைக் கேட்டுத்தான் கெட்டுப்போனார்கள். அந்தக் கதையை வாசித்துக் காட்டியவள் நான். இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கேட்கத் தெரியாதவர்கள் கேட்டால் வாசித்தவள் என்ன செய்வாள்?

எங்கள் வீடு மருதமுனையில், கல்முனைக்குப் போகும் பெரிய தெருவை ஒட்டியே இருந்தது. வாப்பா தறிக்காரர். வளவுக்குள் ஒரு கொட்டில், அதற்குள் நாலைந்து தறிகள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவர் பெண் வீட்டுக்கு வந்துதான் இருப்பார். என் மாப்பிள்ளையும் அப்படி வந்து வாப்பாவின் தறி ஒன்றில் உட்கார்ந்து சாரன் நெய்தார். நெய்யாத நேரமெல்லாம் ஓடினார். விடியச் சுபஹு தொழுத கையோடு கடற்கரைக்குப் போய் மணலில் ஓடுவார், பின்னேரம் அசருக்குப் பிறகு தெருவில் ஓடுவார். வாப்பாவுக்கு இது பெரிய மானக்கேடு. நாயும் துரத்தாமல் பொலிசும் துரத்தாமல் ஒரு மனிசன் ஓடினால் ஊர் என்ன கதைக்கும் என்று உம்மாவிடம் கேட்பார். ஊர் ஒன்றும் கதைக்கவில்லை. ஊரில் பாதி இளந்தாரிகள் அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த விசர் பிடிக்கக் காரணம் ஒரு தொடர்கதை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஒரு வாரச் சஞ்சிகை கல்முனைக் கடை ஒன்றுக்கு ஒரே ஒரு பிரதி வரும். மாப்பிள்ளை போய் வாங்கி வருவார். அவருக்கு வாசிக்கத் தெரியும், ஆனாலும் என் வாயால் கேட்டால்தான் அது கதை என்பார். ஜும்ஆ முடிந்து, சோறு தின்று, தறிகள் ஓய்ந்து கிடக்கும் நேரத்தில், கொட்டிலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்த ஓலைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சத்தமாக வாசிப்பேன். முதலில் எங்கள் தறிக்காரர்கள் மட்டும் கேட்டார்கள். பிறகு பக்கத்துக் கொட்டில்காரர்கள் வந்தார்கள். சாய்ந்தமருதிலிருந்து காவுதடியில் மீன் கொண்டுவந்து விற்கிறவர் ஒருவர், மீன் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்த நேரத்துக்கு வந்து வாசலில் குந்திவிடுவார். மிச்ச மீன் பூனைக்குப் போனாலும் அவருக்குக் கவலையில்லை.

கதை ஒரு நெடுந்தூர ஓட்டக்காரனைப் பற்றியது. ஏழை வீட்டுப் பிள்ளை, செருப்பில்லாதவன், பெரிய பெரிய ஆட்களோடு மைல் கணக்கில் ஓடுகிறான். அவன் வாயைத் திறக்காமல் மூக்கால் மட்டும் மூச்சு விடுவான் என்று ஒரு வாரம் வந்தது. மறுநாளே எங்கள் ஆட்கள் எல்லோரும் வாயை இறுக்கிக்கொண்டு ஓடினார்கள். எதிரே வந்த ஒரு ஹாஜியார் சலாம் சொன்னார், ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவர் நேரே பள்ளிவாசலுக்குப் போய், தறிக்காரப் பொடியன்களுக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று முறைப்பாடு வைத்தார். அடுத்த கிழமை கதாநாயகன் ஓடுவதற்கு முன் இஞ்சித் துண்டு மென்றான். கடைத்தெருவில் இஞ்சி இல்லாமல் போனது. இறைச்சி ஆக்க இஞ்சி கிடைக்காமல் உம்மா ஏசியது என்னைத்தான்.

ஆனால் எல்லோரையும் கவிழ்த்தது அவனுடைய ஒரு தந்திரம். முன்னால் ஓடுகிறவன் காற்றோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போவானாம். அதனால் இவன் கடைசி ஆளாகவே வருவான், முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார்த்தபடி. கடைசி மைலில் ஒரே பாய்ச்சல், எல்லோரையும் தாண்டிவிடுவான். அந்த இடத்தைச் சும்மா சொல்லக்கூடாது, நான் நன்றாகத்தான் வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள். அதையும் வாசித்தேன்.

வாப்பா மட்டும் கதை கேட்பதில்லை. அப்படித்தான் அவர் சொன்னார். சின்ன வயதில் ஓதப்பள்ளியில் படித்தவர், அரபு எழுத்தில் எழுதிய தமிழைத் தண்ணீராக வாசிப்பார், தமிழ் எழுத்து அவருக்கு ஓடாது. வெள்ளிக்கிழமையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றுவார். ராட்டை கிறீச்சிடுகிறது என்று அதற்கு எண்ணெய் விட்டார். வேறு நாளில் அது கிறீச்சிட்டபோது அவர் கண்டுகொண்டதில்லை.

பெருநாளுக்குப் போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வாப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு மாப்பிள்ளையையும் என்னையும் கூப்பிட்டார்.

"இந்த ஓட்டத்துல முதலாவது வந்தா ஓடட்டும், நான் ஒண்டும் கேக்க மாட்டன். வராட்டி இந்த வீட்டுல ஓட்டமும் இல்ல, கதைப் புத்தகமும் இல்ல."

மாப்பிள்ளை சிரித்தபடி தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு ஓட்டம் போனால் தறி இருக்கிறது, தெரு இருக்கிறது, தேத்தண்ணிக்கடை இருக்கிறது. எனக்கு அந்தப் புத்தகம் போனால் அடுக்களையும் கிணற்றடியும்தான் மிச்சம். பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை விட்டு மறித்தார்கள், அப்போது அழுது தீர்த்தேன். இன்னொரு முறை அப்படி அழ எனக்கு விருப்பமில்லை.

போட்டி நாள் காலையில் மாப்பிள்ளை சஞ்சிகையை வாங்கிவந்து தட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, தெருவைத் துப்புரவு செய்யக் கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவிட்டார். அந்தக் கிழமைதான் கதையின் கடைசிப் பகுதி. ஆறப்போட மனமில்லாமல் அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். கதாநாயகன் தோற்றுப்போனான்! கடைசி மைலுக்காகக் காத்திருந்து காத்திருந்து, அவன் பாயும்போது முன்னால் போனவன் எல்லைக் கயிற்றை அறுத்துவிட்டான். இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும், ஆள் இல்லை. அவர் ஜும்ஆவையும் கல்முனையில் தொழுதுவிட்டு அப்படியே போட்டிக்குப் போய்விட்டார். வீடு முழுக்க நடந்து நடந்து என் கால்தான் வலித்தது.

கல்முனையில் தொடங்கி, எங்கள் தெருவால் பெரியநீலாவணை வரை போய், அதே தெருவால் திரும்பிக் கல்முனைக்குப் போக வேண்டும். அதுதான் ஓட்டம். ஓடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் எங்கள் கொட்டிலில் கதை கேட்டவர்கள். மிச்சப் பேரும் கேட்டவர்களிடம் கேட்டவர்கள். அவர்கள் போகும்போதே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் கிடுகு வேலியில் கண் வைக்கிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள்ளால் பார்த்தேன். யார் கடைசியாக வருவது என்பதில்தான் போட்டி! ஒருவர் குனிந்து இல்லாத முள்ளை எடுத்தார். ஒருவர் சாரனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். எல்லோரும் ஒருவர் குதிகாலை ஒருவர் பார்த்தபடி, வாயை மூடிக்கொண்டு, மையத்தை அடக்கம் செய்யப் போகிறவர்களைப் போலப் போனார்கள். போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் சைக்கிளில் வந்தார். அவ்வளவு மெதுவாகச் சைக்கிள் ஓட முடியாமல் இரண்டு தரம் தெருவோரக் கானுக்குள் விழுந்தார்.

திரும்பி வரும்போது நிலைமை இன்னும் மோசம். நடையும் நின்றுவிட்டது. புத்தகம் வந்துவிட்டது, நான் வாசித்திருப்பேன் என்று என் மாப்பிள்ளைதான் வாயை விட்டிருக்கிறார். அத்தனை பேரும் எங்கள் வேலியில் வந்து மொய்த்துக்கொண்டார்கள். மீன்காரர் முன்னுக்கு வந்து கிடுகில் வாயை வைத்து, "சொல்லுங்க ராத்தா, கடைசியில அவன் வெண்டானா?" என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் என் மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். தெருவின் மற்றப் பக்கத்தில் சனம் ஏசியது. சைக்கிள்காரர் கைகூப்பி ஓடச் சொல்லி மன்றாடினார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என்னுடைய வெள்ளிக்கிழமை முழுக்க அந்தத் தெருவில் கிடக்கிறது, இந்த மொக்கன்கள் கதை கேட்க நிற்கிறார்கள். முழுவதும் சொன்னால் மஃரிப் ஆகி இருட்டிவிடும். உண்மையாக ஓடினால் என் மாப்பிள்ளையை அடிக்க அந்தக் கரையில் ஆளில்லை, அது எனக்குத் தெரியும். ஓடவைத்தால் போதும். கல்முனையில் முதலாவது வருகிறவருக்கு மட்டும் முடிவு சொல்லுவேன் என்று வேலிக்குள்ளால் கத்தினேன்.

யா அல்லாஹ், அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேலியில் பாதிக் கிடுகு அவர்களோடு போய்விட்டது. மூக்கால் மூச்சு விடுகிற கதையெல்லாம் முடிந்தது, எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பறந்தார்கள். மீன்காரர் கையை வீசி, காவுதடி தோளில் இருப்பதைப் போலவே குலுங்கிக் குலுங்கி ஓடினார். புழுதி அடங்கியதும் பார்த்தால், பிய்ந்த வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள் நிற்கிறார். என் மாப்பிள்ளை. பல்லைக் காட்டிக்கொண்டு.

"எனக்கென்னத்துக்கு அவசரம்?" என்றார். "நீ ராவைக்கி சொல்லுவாய்தானே."

நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் நாக்கு கூசுகிறது, ஆனால் அந்த நேரத்தில் வேறு எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். "வல்லாஹி, முதலாவது வாறவரத் தவிர வேற ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். உங்களுக்கும்தான் மச்சான்."

அல்லாஹ்வின் மேல் சத்தியம். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. அப்போதுதான் ஓடத் தொடங்கினார். அப்படி அவர் ஓடியதை யாரும் கண்டதில்லையாம், ஒவ்வொருவராகத் தாண்டித் தாண்டிப் போனாராம். போய் இரண்டாவது வந்தார். முதலாவது மீன்காரர்.

மீன்காரர் வெற்றிக் கோப்பையை வாங்காமலே வந்து வேலியடியில் நின்றார். அவருக்கு மட்டும் கேட்கும்படி முடிவைச் சொன்னேன். வாப்பா வந்தார், சஞ்சிகையை என் கையிலிருந்து வாங்கித் தன் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். மாப்பிள்ளை தறியில் போய் உட்கார்ந்தார். அடுத்த நாள் காலையில் அவர் ஓடப் போகவில்லை. அவருடைய கால் இரண்டும் சும்மா கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கோபம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. முடிவையாவது சொல்லி ஆற்றலாம் என்றால் சத்தியம் குறுக்கே நின்றது.

மீன்காரர் நன்றாக இருக்கட்டும், அவர் செய்த வேலையைத்தான் சொல்ல வேண்டும். மீன் வாங்குகிறவர்களுக்குக் கதையின் முடிவு இலவசம் என்று அறிவித்துவிட்டார். உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் அல்லவா, அதனால் ஊருக்கு ஒரு முடிவு சொன்னார். பாண்டிருப்பில் கதாநாயகன் வென்றான். கல்முனையில் ஓடும்போதே விழுந்து மௌத்தாகிப் போனான். சாய்ந்தமருதில் பணக்காரன் வீட்டில் கலியாணம் முடித்து ஓட்டத்தை விட்டான். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் இதைப் பற்றித்தான் சண்டை பிடித்தார்கள். வாப்பா தினமும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து, பெட்டகத்தைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வாப்பா சந்தையிலிருந்து மூன்று சேவல் கொண்டுவந்தார். உம்மாவைப் பெரிய சட்டியில் சோறு ஆக்கச் சொன்னார். ஜும்ஆ முடிந்து ஏழைகள் பத்துப் பேரை அழைத்து வந்து, வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்பினார். கடைசி ஆள் போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். சத்தியம் செய்தவர் அதை விட வேண்டுமானால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டுவிட்டேன், உன் பேரில் கொடுத்தாயிற்று, உனக்குச் சம்மதந்தானே என்றார். நான் ஓம் என்றேன். பெட்டகத்தைத் திறந்து சஞ்சிகையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வாசி."

தறிக்காரர்கள் எப்படியோ மணம் பிடித்து வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை தறியை விட்டு எழும்பாமல் தலையைக் குனிந்தபடி இருந்தார். வாப்பா அன்றைக்கு முதுகைக் காட்டவில்லை. தட்டிக்கு நேரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். நான் வாசித்தேன். ஒரு எழுத்தை விடாமல் வாசித்தேன். கதாநாயகன் பின்னால் வருகிறான், காத்திருக்கிறான், பாய்கிறான், தோற்கிறான். கொட்டிலில் ஒருவரும் மூச்சு விடவில்லை, மூக்காலும் விடவில்லை.

வாப்பா தொடையில் ஒரு அடி அடித்தார். அவ்வளவு கால் இருந்தும் பின்னால் நின்றானே மடையன் என்று அவனை ஏசினார், அவன் உம்மா வாப்பாவையும் ஏசினார், எழுதினவரையும் விடவில்லை. ஏசி முடிந்த பிறகு தறிப் பக்கம் திரும்பினார்.

"அடுத்த பெருநாளைக்கி முதல்ல இருந்தே ஓடுங்க மகன்."

மாப்பிள்ளை ஓம் மாமா என்றார். வாப்பா எழும்பிச் சாரனை உதறிக்கொண்டு வெளியே போனார். சஞ்சிகையை அவர் திரும்பக் கேட்கவில்லை. அது என் மடியிலேயே கிடந்தது, நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு தட்டிக்குப் பின்னால் இருந்து வாய்விட்டு அழுதேன்.