பயணிகளின் மேசையில் கமால்தீன் நானா

கமால்தீன் நானாவின் மரணச் செய்தி, மதுரங்குளியில், அக்கா முறையில் நாங்கள் தாத்தா என்று கூப்பிடும் பரீதா தாத்தாவின் சாப்பாட்டுக் கடை வாசலில் வைத்து எனக்குக் கிடைத்தது. நானா சுகமில்லாமல் வீட்டில் இருந்ததால் வேறொரு சாரதி ஓட்டிவந்த பஸ்ஸிலிருந்து பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் அவருடைய மகன். “சாச்சா, வாப்பா மௌத்தாகிட்டாங்க.” உள்ளே போய்ச் சொன்னேன். பரீதா தாத்தா அகப்பையை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அவர் பழக்கின ஆக்கள் பசியோட நிக்கிறாங்க, தம்பி. முதல்ல சோத்தப் போடுவோம்.”

கற்பிட்டி–கொழும்பு பஸ்ஸில் போய்வந்த உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அந்தப் பஸ்ஸின் சாரதி, பள்ளிவாசல்துறைக்காரர், உரத்த குரல், ஹோர்ன் அடிப்பதில் மட்டும் கஞ்சன். நான் அவருடைய நடத்துனராகப் பல வருடங்கள் ஓடியவன். நீங்கள் வழியில் நல்ல சோறு சாப்பிட்டது எப்படி என்பதை நான்தான் சொல்லவேண்டும்.

தூரப் பயண பஸ்கள் சாப்பாட்டுக்கு நிற்கும் பெரிய கடைகளில் பின்பக்கம் ஓர் அறை இருக்கும். சாரதிக்கும் நடத்துனருக்கும் மட்டுமான அறை. பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியதற்காக அங்கே இலவசச் சாப்பாடு. நாங்களும் பஸ் முதலாளி சொன்னபடி சிலாபம் தாண்டி அப்படியொரு கடையில்தான் நிறுத்தினோம். ஒருநாள் எங்கள் தட்டில் பொரித்த பாரை மீன் துண்டு, கையகலம் இருந்தது. நானா திரைச்சீலையை விலக்கிப் பயணிகளின் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே ஆறிய சோறும், தண்ணீராய் ஓடும் பருப்பும். தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“எங்க நானா?”

“ஒண்டாத்தானே வந்தம். ஒண்டா இரிந்து தின்போம், வாங்க.”

பாரைத் துண்டை விட்டுப் போக மனமில்லாமல் நானும் தட்டோடு பின்னால் போனேன்.

அன்றிலிருந்து வேறு கடை தேடினார். திரும்பி வரும்போது ஏதாவது கடைக்கு முன்னால் பஸ்ஸை மெதுவாக்கி, “இண்டைக்கி என்ன மீன்?” என்று கேட்பார். “எல்லாம் இரிக்கி, வாங்க” என்றால் நிற்கமாட்டார். “எல்லாம் இரிக்கி எண்டு சொல்ற கடையில இண்டைக்கி ஆக்கினது ஒண்டுமே இல்ல” என்பார். மதுரங்குளியில் பரீதா தாத்தா மட்டும், “சூடை மட்டுந்தான். அதுவும் இப்பதான் அடுப்பில. பொறுக்க ஏலுமெண்டா இரிங்க,” என்றார். நானா எஞ்சினை நிறுத்தினார்.

செய்தி முதலாளிக்குப் போயிற்று. பெரிய கடைக்காரர் அவருடைய கூட்டாளி. “நான் சொன்ன இடத்தில நிப்பாட்டுங்க. இல்லாட்டி சாவியத் தந்துட்டுப் போங்க,” என்றார் முதலாளி. நானாவுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள், வேறு தொழில் தெரியாது. நான் பயந்து போனேன். நானா சொன்னது இதுதான்: “சரி முதலாளி, அங்கயே நிப்பாட்டுறன். ஒருக்கா நீங்களும் பஸ்ஸில வாங்க.”

முதலாளி வந்தார். நானாவும் சொன்னபடி பெரிய கடையில்தான் நிறுத்தினார். ஆனால் முதலாளி பின்னறைப் பக்கம் திரும்பியபோது, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பயணிகளின் மேசையில் உட்காரவைத்தார். பக்கத்தில், கொழும்பில் கிளினிக் காட்டிவிட்டுத் திரும்பும் ஓர் அம்மா. முதலாளி இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரென்று அறியாத அந்த அம்மா, பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்தார்.

“மாசிச் சம்பல், மகன். போட்டுத் தின்னுங்க. இந்தப் பஸ்ஸில வாற நாள் நான் இதில்லாம வாறதில்ல.”

முதலாளி கை கழுவிவிட்டு வந்து, “எங்க அந்தத் தாத்தாட கடை?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை மறைக்க முடியவில்லை. பாலாவி வரைக்கும் ஊர்ப் பெயர்களைப் பாட்டுப் போலக் கூவிக்கொண்டு வந்தேன்.

பரீதா தாத்தாவும் நானாவை ஏமாற்றப் பார்த்தார். நன்றிக்காகச் சோற்றுக்கு அடியில் பெரிய மீன் துண்டை ஒளித்துவைப்பார். நானா கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவரின் தட்டில் வைத்துவிடுவார். அந்தப் பக்கத்து இடத்துக்காக நான் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

ஜனாஸா அடக்கம் முடிந்து மீண்டும் வேலைக்குப் போன நாள், புதுச் சாரதியோடு அதே மேசையில் உட்கார்ந்தேன். சோற்றுக்கு அடியில் பெரிய துண்டு. பரீதா தாத்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்துப் பக்கத்துப் பொடியனின் தட்டில் வைத்தேன். வெளியூரான் போலும், திகைத்துப் போனான்.

“நீங்க கொண்டக்டர்தானே? உங்களுக்கு வேற அறை இல்லையா?”

“இரிந்திச்சி, தம்பி. எங்கட டிரைவர் அத மூடிட்டார்.”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மேசையில் ஓர் இடம். இந்தப் பஸ் ஓடும்வரை அதில்தான் சாப்பிடுவேன்.