கால்வாய்க் கரையில் கடைசி சைக்கிள்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. 'கடைசியக்கா' என்றால்தான் தெரியும். கணவர் சைக்கிள் கடைக்காரர். விடுமுறை நாட்களில் இருவரும் வெளியூர்க்காரர்களுக்கு வாடகை சைக்கிள் கொடுத்து, பழைய கால்வாயின் கரையோடு அழைத்துப் போய் மாலைக்குள் திரும்புவார்கள். அவர் எல்லோருக்கும் முன்னால், இவள் எல்லோருக்கும் பின்னால். "முந்திக்கிட்டுப் போறது அவரு குணம், விழுந்தவங்களப் பொறுக்கிட்டு வர்றது என் தலையெழுத்து" என்று சொல்லிச் சிரிப்பாள்.

பின்னால் வருவது லேசுப்பட்ட வேலை என்று நினைத்துவிடாதீர்கள். செயின் கழன்றவர், மூச்சு வாங்கியவர், படம் எடுக்கிறேன் பேர்வழி என்று முள்ளுக்குள் இறங்கியவர், எல்லாரும் அவள் தலையில்தான் விடிவார்கள். அதற்காகவே புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். பின்னாலிருந்து மூன்று தடவை மணி கேட்டால் எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அவர் மட்டும் பம்பும் ஸ்பேனருமாகத் திரும்பிக் கடைசி சைக்கிள் வரை வருவார். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் காதிலேயே வாங்காத மனுஷன், இந்த மணிக்கு மட்டும் பறந்து வருவார்.

அன்றைக்குப் புறப்படும்போதே அவளுக்கு மனசு சரியில்லை. குதிரை கட்டிப் படகு இழுத்த காலத்தில் வெட்டிய கால்வாய் அது. வழியில் ஓரிடத்தில் வயல்களைவிட உயரமாக, இரண்டு மண் கரைகளுக்கு நடுவே ஓடும். கரையின் தலையில்தான் சைக்கிள் பாதை. இங்கே மழையே இல்லை, தண்ணீரோ விளிம்புக்கு ஒரு சாண் கீழே தளும்பிக்கொண்டிருந்தது. மதகுக்காரர் இரும்புச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மேல அணையத் தெறந்து விட்டிருக்காங்கம்மா. இங்க என் மதகு பாதிக்கு மேல ஏற மாட்டேங்குது. சொல்லியாச்சு, யாரு கேக்குறா?"

அவள் கணவரிடம் ஓடினாள். "இன்னைக்கு வேண்டாங்க. தண்ணி ரொம்ப ஏறிக் கெடக்கு."

"நீ வேற! எத்தன வெள்ளத்தப் பாத்த கரை இது. போன வாரமும் மேகத்தப் பாத்து பாதியில திருப்பிவிட்ட. ஒரு சொட்டு விழுந்துச்சா? மானமே போச்சு."

போன வாரக் கதையை இழுத்ததும் அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆள் பாதி தொப்பை பாதியாக ஒரு தையல்காரர் அவளுக்கு முன்னால் உருண்டார். "அக்கா, என் பின்னாடி வர்றது உங்களுக்கு வேலையா, தண்டனையா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். கண் மட்டும் தரையை விட்டு நகரவில்லை.

உயர்ந்த கரைக்கு வந்ததும் பாதை மெத்துமெத்தென்றிருந்தது. முன்னால் போனவர்களின் சக்கரத் தடத்தில் தண்ணீர் ஊறி நின்றது. அட கடவுளே, வெயிலில் காய்ந்து கிடக்க வேண்டிய மண் அல்லவா? கீழே மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு ஒரு மேட்டில் நெருக்கியடித்து நின்றன. அவள் மிதித்துக்கொண்டே போனாள்.

கால்வாய் வில்லாக வளையும் இடம் வந்தது. அங்கே பின்னால் வருகிறவளுக்குத்தான், வளைவில் முன்னால் போகிறவர்களின் காலடியில் உள்ள கரைச்சரிவு தெரியும். சரிவின் நடுவிலிருந்து சேற்றுத் தண்ணீர் குபுகுபுவென்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. கணவர் அந்த இடத்தைத் தாண்டிவிட்டார். புது ஜோடி அதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் யோசிக்கவில்லை. மூன்று தடவை மணியை அடித்தாள்.

ஜோடி நின்றது. தையல்காரர் நின்றார். அப்பாடா என்று மூச்சு விட்டு நிமிர்ந்தவள் கண்டது, அந்தப் பக்கம் அவர் சைக்கிளைத் திருப்புவதை.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். "வராதீங்க! அங்கேயே நில்லுங்க! வராதீங்க!" தண்ணீரின் இரைச்சலில் மணி எட்டிய தூரத்துக்கு அவள் குரல் எட்டவில்லை. அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். அவசரம் போல என்று நினைத்தாரோ என்னவோ, பம்பை உயர்த்திக் காட்டிவிட்டு இன்னும் வேகமாக மிதித்தார்.

கரை போனபோது பெரிய சத்தம்கூட இல்லை. அவருக்கு அடியில் இருந்த மண் சட்டென்று உட்கார்ந்தது. பிறகு அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

பொழுது சாய்வதற்குள், இரண்டு வயல் தள்ளி வேலியோரத்தில் அவர் உடலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி நடையில், சேறு காய்ந்த புடவையோடு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்றிருந்தது. புது மணப்பெண் வந்து அவள் காலடியில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மணி அடிக்கலைன்னா நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு இல்லக்கா. அந்த மணிதான் எங்களக் காப்பாத்துச்சு."

அவள் தன் கைகளை மெல்ல உருவிக்கொண்டாள்.

"அந்த மணிக்கு நீங்க நின்னீங்கம்மா" என்றாள். "அவரு வந்தாரு."