சம்மக்கா கேட்காமல் விட்ட கேள்வி

சம்மக்காவின் கையிலிருந்து தலைவிளக்கை வாங்கிக்கொண்டு சுரங்கத்தில் இறங்க வேண்டுமென்றால், முதலில் அவளுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். “ஏம் கூர?” என்பாள். வீட்டில் இன்றைக்கு என்ன கறி வைத்தார்கள் என்று கேட்கிறாள். கோதாவரிக் கரை நிலக்கரி ஊர்களில் அது வணக்கம் சொல்வது மாதிரி. கேட்பவன் பதிலைக் காதில் வாங்குவதே இல்லை. சம்மக்கா வாங்குவாள்.

“புளிச்சகீரை அக்கா.”

“நேத்தும் புளிச்சகீரை, முந்தாநாளும் புளிச்சகீரை. உம் பொண்டாட்டி என்ன, கீரைத் தோட்டத்தையா சீதனமா கொண்டாந்தா?”

வரிசை சிரிக்கும், விளக்கு கைமாறும். எவனாவது பதில் சொல்லத் தயங்கினானோ, போச்சு! விளக்கு ஜன்னலுக்கு உள்ளேயே நிற்கும். அவளுடைய தூக்குவாளி திறக்கும். அதிலிருக்கும் சோள ரொட்டியைத் தின்று முடித்தவனுக்குத்தான் விளக்கு. குடித்துவிட்டு வந்தவனுக்கு அதுவும் கிடையாது. “வீட்டுக்குப் போய்ப் படுடா வெக்கங்கெட்டவனே” என்று துரத்திவிடுவாள்.

அவளுக்கு இது விளையாட்டல்ல. அவள் புருஷன் ராஜலிங்கு வெறும் வயிற்றோடு கீழே போய்ச் செத்தவன். முதல்நாள் சண்டையில் கோபித்துக்கொண்டு அடுப்பு மூட்டாமல் கிடந்தவள் அவள்தான். அவன் சாவுக்கு ஈடாகத்தான் விளக்கறை வேலையைக் கொடுத்தார்கள். பாறை சரிந்ததற்கும் பசிக்கும் என்னடி சம்பந்தம் என்று ஊரே கேட்டுப் பார்த்தது. கேட்கிறவர்களுக்கென்ன, ராத்தூக்கம் போனது அவளுக்கல்லவா!

அந்த இடத்துக்குத்தான் தொழிலாளர் நல அதிகாரியாக கிரிதர் ராவ் வந்து சேர்ந்தார். கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நல்லது செய்யத்தான் வந்தார், அதுதான் வினையே. ‘வேலையில் ஈடுபாடு’ என்று திட்டத்துக்குப் பெயர் வைத்து, விளக்கறை ஜன்னலில் ஒரு பெட்டியை மாட்டினார். சிரித்த முகம், சும்மா இருக்கிற முகம், அழுத முகம் என்று மூன்று பொத்தான். விளக்கு வாங்குகிறவன் தன் மனசுக்குத் தக்கதை அமுக்க வேண்டும். அழுத முகத்தை அமுக்கினவனைக் கூப்பிட்டு, ஏனப்பா அழுகிறாய் என்று ஆபீசிலேயே அரைநாள் உட்கார வைத்தார்கள். அந்த அரைநாள் கூலி அவனுக்குப் போயிற்று. மறுநாளிலிருந்து சுரங்கமே சிரித்தது.

“உன்னாலதான் சம்மக்கா வரிசை நகர மாட்டேங்குது” என்றார் ராவ். “கேக்க வேண்டியத இந்தப் பெட்டி கேட்டுக்கும். நீ விளக்கக் குடு, போதும்.”

“பெட்டி ரொட்டி போடுமா சார்?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னொரு தடவ கறி, கொழம்புன்னு காதுல விழுந்துச்சு, கரி பொறுக்கற பக்கம் மாத்திடுவேன். அப்புறம் என்னச் சொல்லிப் பிரயோஜனமில்ல.”

கரித்தூசிக்கு அவள் நெஞ்சு தாங்காது, ஏற்கெனவே இழுப்பு. மகள் வேறு பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருக்கிறாள். சம்மக்கா வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

விளக்கறை ஜோராக ஓடியது. பொத்தான் அமுங்கும் சத்தம், விளக்கு நகரும் சத்தம், அவ்வளவுதான். அந்த அமைதி அவளுக்குப் பயமாக இருந்தது. இழவு வீட்டில்கூட யாராவது இருமுவார்கள்.

ஒரு காலையில் எழுந்ததிலிருந்தே அவளுக்கு வலக்கண் துடித்தது. கீழே வண்டிகளுக்குச் சங்கிலி கோக்கிற ஓதேலு வந்து ஜன்னலில் நின்றான். கண் குழிவிழுந்து, உதடு வெடித்திருந்தது. விளக்குக்குக் கையை நீட்டினானே தவிர வாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கேள்வி அவள் நுனிநாக்குவரை வந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் ராவ் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

“ஓதேலு...” என்றாள்.

அவன் ஆவலாய் நிமிர்ந்தான்.

“பொத்தான அமுக்கு தம்பி.”

சிரித்த முகத்தை அமுக்கிவிட்டு அவன் சரிவில் இறங்கினான். அவன் தலையிலிருந்த வெளிச்சம் சின்னதாகிச் சின்னதாகி இருட்டோடு போவதைச் சம்மக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். தூக்குவாளி அவள் காலடியில் நிறைய இருந்தது. மத்தியானம் அவளுக்கும் அது இறங்கவில்லை.

ஷிப்ட் முடியும் முன்பே சங்கு ஊதியது. ஓதேலுவோடு வேலை செய்யும் லிங்கய்யாதான் அவனுடைய விளக்கைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தான். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“மயக்கம் போட்டுத் தண்டவாளத்துலயே விழுந்துட்டான் அக்கா. வண்டி ஏறிருச்சு.”

“உசுரு இருக்கா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான். “தூக்கிட்டு வரும்போது பேசிட்டுதான் இருந்தான். புள்ள ஆஸ்பத்திரில கெடக்காம். பொண்டாட்டியும் அங்கதானாம். ரெண்டு நாளா வீட்ல அடுப்பே எரியலையாம்.”

“ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கலையே பாவி!”

“நானும் அதான் கேட்டேன். அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாமேடான்னேன்.” லிங்கய்யா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “‘அக்கா எம் மொகத்தப் பாத்துங்கூட ஒண்ணுங் கேக்கலியே, எம்மேல என்ன கோவமோ’ன்னான்.”

சம்மக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் ராவ் ஓடி வந்தார், முகம் வெளுத்திருந்தது. பெட்டியையும் எரிகிற விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காலைல சிரிச்ச மொகத்தத்தானே அமுக்கினான்?”

“நாந்தான் சார் அமுக்கச் சொன்னேன்” என்றாள் சம்மக்கா.

மறுநாள் காலை ராவ் அதே இடத்தில் நின்றார். சம்மக்கா முதல் விளக்கை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசிவரை கேட்கும்படி, “ஏம் கூர?” என்றாள். முன்னால் நின்றவன் லிங்கய்யா. அவனுக்கு வாய் வரவில்லை. அவள் தூக்குவாளியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள். அவன் தின்று முடிக்கும்வரை வரிசை நின்றது.